தம்பிக்கு எச்ஐவியோடு ஹெபடைடிஸ் சி, ஜீனோடைப் 3 என்றால் என்ன?

மதுரைக்காரி: தம்பி ஆறு வருடமாக எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரையை விடாமல் எடுக்கிறான், இப்போது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யும் இருக்கிறதாம். ரிப்போர்ட்டில் ‘ஜீனோடைப் 3’. அவனோடு தங்கியிருக்கும் மணிப்பூர் நண்பருக்கு 6. ஒரே வைரஸ்தானே, எப்படி? ராத்திரி தூக்கமே இல்லை.

லேப் அண்ணன்: பயப்படாதீங்கம்மா. பெயர்தான் ஒன்று, ஜீனோடைப் என்றால் அந்த வைரஸின் மரபணு வகை; ஒரு ஜீனோடைப்புக்கும் இன்னொன்றுக்கும் மரபணு வரிசையில் சுமார் 30 சதவீதம் வித்தியாசம். இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்தாது, அதனால் ஒரே ஆளின் ரத்தத்திலேயே லேசாக மாறிய பல நகல்கள் ஓடும். இந்தியாவில் 3 தான் அதிகம், அடுத்து 1. தென்கிழக்கு ஆசியாவில் இருக்கும் 6, மியான்மர் எல்லையை ஒட்டிய மணிப்பூரிலும் உண்டு. ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, இது இரண்டுமே தொற்றும்.

காவேரி: நான் ஏஆர்டி கவுன்சிலர். எச்ஐவி இருந்தால் கல்லீரலில் தழும்பு சீக்கிரம் ஏறும், தள்ளிப்போடாதீர்கள். சோஃபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் என்ற ஹெபடைடிஸ் சி மருந்து 3, 6 இரண்டுக்குமே கேட்கும், பெரும்பாலும் 12 வாரம். ஆனால் எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்து எடுப்பவருக்கு வெல்பட்டாஸ்விர் ரத்தத்தில் குறைந்துவிடும், அதனால் மாத்திரை டப்பாவையே டாக்டரிடம் காட்டுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் மருந்து இலவசம்.

மதுரைக்காரி: டப்பாவில் டோலுடெக்ராவிர் என்று இருக்கிறது. குணமானால் மறுபடி வராதா?

காவேரி: டோலுடெக்ராவிர் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. மறுபடி தொற்றலாம், அதே 3 கூட. உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஆன்டிபாடி டெஸ்ட் குணமான பிறகும் பாசிட்டிவ்தான் காட்டும், அதைப் பார்த்துக் கலங்காமல் வைரஸையே தேடும் ஆர்என்ஏ டெஸ்ட் கேளுங்கள்.