ரிப்போர்ட்டில் 'எக்ஸான் 2 மட்டும்' என்று இருந்தால் கவனியுங்கள்

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கீமோவோடு செட்டுக்ஸிமாப் என்ற மருந்தையும் சேர்ப்பதாக முடிவாகி, அடுத்த வாரம் முதல் டோஸ். கட்டியின் கே-ராஸ் மரபணுவைச் சோதித்து, 'கே-ராஸ்: பிறழ்வு (மரபணு மாற்றம்) இல்லை' என்று ரிப்போர்ட் வந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்போமே என்று போனோம். அவர் அந்த வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினார்: 'எக்ஸான் 2 மட்டும்'. எக்ஸான் என்றால் மரபணுவின் ஒரு பகுதி.

"இது பாதிதான்மா. கே-ராஸ், என்-ராஸ் ரெண்டுலயும் 2, 3, 4 மூணு எக்ஸானையும் பாத்தாகணும்" என்றார்.

முதல் பயாப்ஸியில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த சதைத்துண்டையே மறுபடி அனுப்பினோம்; அப்பாவுக்குப் புதிதாக ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் தூக்கமில்லை. என்-ராஸில், 61ஆவது இடத்தில் பிறழ்வு. செட்டுக்ஸிமாப் வேண்டாம் என்று பெவாசிஸுமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்தார்கள்.

காரணம் இதுதான். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியில் தொடங்கும் 'வளரு' என்ற கட்டளை, ராஸ் வழியாக உள்ளே போகிறது. செட்டுக்ஸிமாப் அந்த ஏற்பியை அடைக்கும். ராஸே பிறழ்ந்து தானாகக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தால்? தலைமதகை மூடினாலும் வாய்க்காலுக்குள்ளேயே ஊற்று பீறினால் தண்ணீர் நிற்குமா? பலன் இல்லாதது மட்டுமல்ல, ஆக்ஸாலிபிளாட்டின் கீமோவோடு சேர்த்தால் நிலைமை மோசமாகவும் கூடும். பரவிய நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ராஸ் பிறழ்வு உண்டு. 2004இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது இந்த நிபந்தனையே இல்லை. 2009இல்தான் கே-ராஸ் பார்க்கச் சொன்னார்கள்.

அந்தப் பொடி எழுத்தை நானும்தான் படித்திருந்தேன். அர்த்தம் புரியவில்லை. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு இடது பக்கக் குடல். ராஸ், பி-ராஃப் (அதே கட்டளை வழியில இருக்கிற இன்னொரு மரபணு) எதிலும் பிறழ்வு இல்ல. செட்டுக்ஸிமாப் மாதிரியே ஏற்பியை அடைக்கிற பானிடுமுமாப் ஆரம்பிச்ச பத்தாம் நாள் மூக்கோரம், நெஞ்சு, தலை எல்லாம் பரு. துண்டு பட்டாலே எரியும். மருந்து வேலை செய்யுறவங்களுக்குப் பெரும்பாலும் இப்படி வரும்னு டாக்டர் சொன்னதும்தான் பொறுத்துக்க முடிஞ்சது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தாங்க, வெயில்ல போகல. மக்னீசியம் குறைஞ்சு கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், அதனால ரத்தப் பரிசோதனையை விட்டுடாதீங்க. மூணாம் மாச ஸ்கேன்ல கட்டி நல்லாவே சுருங்கியிருந்தது. வலது பக்கக் குடல்ல தொடங்கின நோய்க்கு, ராஸ் சரியா இருந்தாலும் இந்த மருந்து அவ்வளவா எடுபடாதாம். கட்டி எந்தப் பக்கம்னு கேட்டுக்கங்க.

மறுமொழி 2

எங்க அம்மாவோட ரிப்போர்ட்ல ராஸை விட முக்கியமா இருந்தது எம்.எஸ்.ஐ. (கட்டி செல்லோட டி.என்.ஏ. பிழைகள் சரியாகாம சேர்றதைக் காட்டுறது) அளவு அதிகம்னு போட்டிருந்த வரி. பரவின நிலையில 100 பேர்ல அஞ்சு பேருக்குத்தான் இது இருக்குமாம். கீமோவே வேண்டாம்னு நேரா இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிரா தூண்டுறது), பெம்ப்ரோலிஸுமாப்ங்கிற மருந்து. 2020லதான் இதை முதல் சிகிச்சையாவே கொடுக்க அனுமதி வந்ததாம். அம்மா இப்ப தானே நடந்து போய் வர்றாங்க.

பி-ராஃப்பும் பாத்தாங்க, வி600இங்கிற பிறழ்வு இல்ல. அது இருந்தா பெரும்பாலும் பரம்பரை நோய் இல்லையாம். அப்ப இது குடல் புற்றுநோய் வர்ற வாய்ப்பைக் கூட்டுற, பரம்பரையா வர்ற லிஞ்ச் சிண்ட்ரோமா இருக்கலாம்னு நானும் தம்பியும் ரத்தம் கொடுத்தோம். அவனுக்கு இல்ல, எனக்கு இருக்கு. ரிசல்ட் வந்த அன்னைக்கு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, தன்னாலதான்னு. போன மாசம் முதல் கொலோனோஸ்கோபில ஒரு சின்ன பாலிப் இருந்தது. அங்கேயே எடுத்துட்டாங்க.