கிரேக்கத்தில் வாடகைப் படகு: ஜூலைக் கடைசியில் சைக்ளடீஸ் போகலாமா?

சோலண்ட் செல்வன்:
வணக்கம். ஜூலைக் கடைசி வாரம் ஏதென்ஸ் அருகே உள்ள அலிமோஸ் துறையிலிருந்து ஒரு பாய்மரப் படகு எடுக்கிறோம். 40 அடி நீளம், மூன்று அறைகள், சனி முதல் சனி வரை. நான், மனைவி, மைத்துனரும் அவர் மனைவியும், இரண்டு பிள்ளைகள். மாலுமி இல்லாமல் படகை மட்டும் எடுக்கும் 'பேர்போட்' முறை. படகோட்டுவதற்கான டே ஸ்கிப்பர் செய்முறைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, அதைக் காட்டி ஐ.சி.சி. என்ற சர்வதேசத் தகுதிச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்துக்குப் போக ஆசை: அலிமோஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, மறுபடி அலிமோஸ் என்பது திட்டம். சாண்டோரினியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. படகுக்காரர் தாராளமாகப் போகலாம் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அணியம்:
படகுக்காரர் வேறு என்ன சொல்வார்? கணக்கை நீங்களே போடுங்கள். அலிமோஸிலிருந்து சாண்டோரினி 120 கடல் மைலுக்கு மேல். உங்கள் படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்து, ஆறு மைல் போகும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான் சாவி கையில் வரும். வெள்ளி மாலைக்குள் படகு துறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஏழு நாள் வாடகையில் ஓடுவதற்கு ஆறு நாள் தேறும். போகும்போது வடகாற்று முதுகில் தள்ளும், எல்லாரும் சிரித்துக்கொண்டே போவீர்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில். காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து வர வேண்டும், தூரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

இன்னொன்று. சாண்டோரினியின் அந்தப் புகழ்பெற்ற எரிமலைக் குழியில் ஆழம் முன்னூறு மீட்டருக்கு மேல். நங்கூரம் தரையைத் தொடாது. தெற்கே விலிகாடா என்று ஒரு சின்னத் துறை உண்டு, அதன் வாயில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்துவிடும், கோடையில் இடமும் கிடைக்காது. வீட்டு உத்தரவைக் கப்பலில் டிக்கெட் எடுத்து நிறைவேற்றுங்கள்.

மரக்கலம்:
சாண்டோரினி விஷயத்தில் அணியம் சொல்வது சரி. ஆனால் அடுத்து அவர் "ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவிலேயே சுற்றுங்கள்" என்பார் பாருங்கள், அதை நான் ஏற்கமாட்டேன். ஜூலைக் கடைசியில் அங்கே ஹைட்ராத் தீவின் துறைக்குள் போயிருக்கிறீர்களா? கையகல இடம். படகின் முன்னால் படகு, அதன் முன்னால் இன்னொன்று என்று மூன்று வரிசை. காலையில் எவர் நங்கூரத்தை எடுத்தாலும் அடுத்தவர் சங்கிலியும் சேர்ந்து வரும். பாதி நாள் காற்றும் இருக்காது, எஞ்சினை ஓட்டிக்கொண்டு டீசல் புகையில் போவதற்கா பாய்மரப் படகு?

சைக்ளடீஸ் என்றால் மிக்கோனோஸும் சாண்டோரினியும் மட்டும் அல்ல. மேற்கு வரிசையில் கியா, கித்னோஸ் இருக்கின்றன. கித்னோஸின் கொலோனாவில் ஒரு மணல்திட்டு, இரு பக்கமும் கடல். லூட்ராவில் துறைக்கு அருகிலேயே வெந்நீர் ஊற்று. கியாவிலிருந்து ஏதென்ஸ் பக்கக் கரையின் சூனியோன் முனைக்குத் திரும்பும்போது வடகாற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரும், முகத்தில் அடிக்காது. சான்றிதழ் வாங்கியவரைக் குளத்திலேயே நீந்தச் சொல்வது நியாயமா?

அணியம்:
குளமா? சரோனிக்கில் ஈஜினா, போரோஸ், பழைய எபிடாவ்ரோஸ் என்று ஒரு வாரத்துக்கு வேண்டியது இருக்கிறது. எபிடாவ்ரோஸில் படகைக் கட்டிவிட்டு டாக்சியில் போனால் இரண்டாயிரத்து முன்னூறு ஆண்டுப் பழமையான கல் அரங்கம், கோடையில் அதில் இன்றும் நாடகம் நடக்கிறது. ஹைட்ரா பிடிக்கவில்லையென்றால் ஹைட்ராவுக்குப் போகாதீர்கள்.

நீங்கள் மெல்டெமி என்ற ஈஜியன் கோடைக்கால வடகாற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கி மேல் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஈஜியன் கடல். அந்தத் தாழ்வழுத்தம் வேறெங்கிருந்தோ வரவில்லை, நமக்குப் பருவமழை கொண்டுவரும் தெற்காசியத் தாழ்வழுத்தத்தின் மேற்குக் கோடிதான். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். மேகம் இருக்காது, மழை இருக்காது, நீல வானத்தில், காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் சாதாரணமாக ஐந்து, ஆறு, சில நாள் ஏழு. ஏழு என்றால் 28 முதல் 33 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். தொடங்கினால் மூன்று நாள், சில வேளை ஒரு வாரம். பல வாடகை ஒப்பந்தங்களில் ஆறுக்கு மேல் துறையை விட்டுக் கிளம்பக் கூடாது என்றே எழுதியிருக்கும். கித்னோஸ் வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும்போது சனிக்கிழமை விமானம் போய்விடும்.

தரைவாசி:
எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாடகை, டீசல், துறைக் கட்டணம், கடைசியில் துப்புரவுக் கட்டணம், சில ஆயிரம் யூரோ பிணைத்தொகை. இத்தனையும் கொடுத்து, கழிவறையில் கைப்பம்பு அடித்து, குடிநீரை அளந்து, பக்கத்து அறைக்குக் கேட்குமோ என்று கிசுகிசுத்துப் பேசி ஒரு விடுமுறையா? ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் நாலு தீவு பார்க்கலாம். இரவில் அசையாத கட்டில்.

மரக்கலம்:
தரைவாசி ஐயா, கப்பல் நிற்கிற இடத்தில்தான் ஆயிரம் பேரும் இறங்குவார்கள். சாலையே போகாத குடாவில் காலை ஆறு மணிக்குக் கடலில் குதிக்க எந்தக் கப்பலும் உங்களைக் கொண்டு விடாது. கட்டில் ஆசை உள்ளவர்கள் கட்டிலுக்குப் போகட்டும்.

கேப்டனின் மனைவி:
எல்லாரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். செல்வன் தம்பி, ஒன்று கேட்கிறேன். படகில் இரண்டாவது ஆள் யார்? கிரேக்கத்தில் சான்றிதழ் உள்ள ஒருவர் போதாது. படகு நடத்தத் தெரிந்த இன்னொருவரும் வேண்டும், தனக்குப் படகு நடத்தத் தெரியும் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல குடும்பங்களில் அந்தக் கையெழுத்து மனைவியுடையது, அவருக்குக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடவும் தெரியாது.

நீங்கள் இங்கிலாந்தின் சோலண்ட் நீரிணையில் பழகியவர். அங்கே மிதக்கும் மேடைக்குப் பக்கவாட்டில் போய் அணைத்துக் கட்டுவீர்கள். கிரேக்கத் துறைகளில் அப்படி இடம் கிடைப்பது அரிது. சுவரிலிருந்து மூன்று, நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்பக்கமாக வந்து, இரண்டு படகுகளுக்கு நடுவே நுழைந்து, பின்புறத்தைச் சுவரோடு கட்ட வேண்டும். முன்னால் நின்று சங்கிலியை விடுகிறவர் அதைப் பிடித்துவிட்டால் படகு நடுவில் நின்றுவிடும். அளவுக்கு மேல் விட்டால் நங்கூரம் பிடிக்காது. பக்கக்காற்று அடித்தால் முன்புறம் பக்கத்துப் படகின் மேல் போய்ச் சாயும். இதெல்லாம் மாலை ஐந்து மணிக்கு, கரையோரத் தாவெர்னா உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கும். கணவன் மனைவி சண்டைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

சோலண்ட் செல்வன்:
அக்கா, நன்றி. ஆனால் எல்லாரும் என்னைக் குழந்தையாக்கிவிட்டீர்கள். சோலண்டின் நீரோட்டத்தில் ஓட்டியவனுக்கு ஒரு துறைச் சுவர் பெரிதா? படகை நடத்தச் சம்பளத்துக்கு ஒரு ஸ்கிப்பர் வைத்துக்கொள் என்றும் சிலர் தனியே எழுதினார்கள். நாளுக்கு 200 யூரோ அளவில் கேட்கிறார்கள், சாப்பாடும் நம் பொறுப்பு. ஓர் அறை அவருக்குப் போய்விடும். பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்?

அணியம்:
மத்தியதரைக் கடலில் ஓத ஏற்றஇறக்கம் அநேகமாகக் கிடையாது. நீங்கள் பாடுபட்டுக் கற்ற நீரோட்டக் கணக்குக்கு அங்கே வேலையில்லை. அங்கே வேண்டியது நங்கூரம், அது உங்கள் பாடத்தில் ஒரு மூலையில் இருந்திருக்கும். இது உங்கள் மேல் குற்றமில்லை, கடல் வேறு.

வல்வை மைந்தன்:
எங்கள் ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938-இல் பாய்விரித்து அமெரிக்காவின் கிளவுஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அதனால் யாரையும் கடலுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிள்ளைகளோடு முதல்முறை என்றால் கடலையே மாற்றுங்கள். ஏதென்ஸை விடுங்கள், மேற்குக் கரைக்குப் போங்கள். இங்கிலாந்திலிருந்து ப்ரெவெசாவுக்குக் கோடையில் நேரடி விமானம் உண்டு. லெஃப்காடாவில் படகு எடுத்தால் மெகானிசி, இத்தாக்கா, ஃபிஸ்கார்டோ எல்லாம் சில மணி நேர ஓட்டம். காலையில் கடல் கண்ணாடி, மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும், இருட்டும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். மெல்டெமியின் முழு உக்கிரம் அங்கே எட்டாது. கூட்டமாகப் போகும் ஃப்ளோட்டிலாவில் சேர்ந்தால் முன்னோடிப் படகில் ஸ்கிப்பரும் எஞ்சின் பழுது பார்ப்பவரும் இருப்பார்கள். துறைக்குள் நுழையும்போது கரையில் நின்று உங்கள் கயிற்றை வாங்கிக்கொள்வார்கள். உங்கள் அறை உங்களுக்கே.

சோலண்ட் செல்வன்:
வல்வை அண்ணா, முன்பே சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். ஏதென்ஸ் விமான டிக்கெட் எடுத்தாயிற்று, படகுக்குப் பாதிப் பணமும் கட்டியாயிற்று. சரி, சாண்டோரினியை விட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மரக்கலம்:
நல்லது. அப்படியானால் ஸ்கிப்பரை முதல் இரண்டு நாளுக்கு மட்டும் எடுங்கள். அந்த இரண்டு இரவும் பிள்ளைகள் நடுக்கூடத்து இருக்கையில் படுக்கட்டும், அவர்களுக்கு அது கொண்டாட்டம். ஞாயிறும் திங்களும் ஈஜினா, போரோஸ் துறைகளில் திரும்பத் திரும்பப் பின்பக்கமாகக் கட்டிப் பழகுங்கள், உங்கள் மனைவி கையில் நங்கூரச் சங்கிலியை விடும் பொத்தானைக் கொடுத்து. போரோஸிலிருந்து ஸ்கிப்பர் கப்பலேறிப் பிரேயஸ் போய்விடுவார். செவ்வாய் சூனியோன் கோயிலுக்குக் கீழே நங்கூரமிடுங்கள், வடகாற்றுக்கு அது மறைவான இடம். புதன் காலை காற்று முன்னறிவிப்பு நான்கு போஃபோர்ட்டுக்குள் இருந்தால் கியா, இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

அணியம்:
முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சூனியோன் வேண்டாம். நான்கு என்று அறிவித்த நாளில் கியாவுக்கு முந்தைய நீரிணையில் ஆறு அடித்துப் பார்த்திருக்கிறேன். சூனியோன் வரை போனவர் எதிரே தீவு தெரியும்போது திரும்பி வரமாட்டார். செல்வன், போரோஸிலிருந்து எபிடாவ்ரோஸுக்குத் திரும்புங்கள்.

கேப்டனின் மனைவி:
தம்பி, இவர்கள் இருவரும் வருடக்கணக்காக இதே சண்டை போடுகிறார்கள். பிணைத்தொகைக் காப்பீட்டை மறக்காமல் எடுங்கள், சாண்டோரினி செய்தியை விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.