வளர்ந்த பிள்ளையை வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

ஜன்னலோரம்

எங்கள் மகள் வரும்போது எட்டு வயது. காத்திருப்பு, கோப்பு, நேர்காணல் எல்லாம் இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

வந்து சில வாரங்கள்தான் இருக்கும். மருத்துவமனையில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். படிவத்தை நிரப்பிவிட்டுத் திரும்பினால், எதிர் வரிசையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டு, தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டு. அந்த அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "எவ்வளவு ஒட்டுதலான பிள்ளை!" என்றார். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். வா என்று கை நீட்டினேன். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயம் இல்லை, பிடிவாதம் இல்லை. யாரோடு போவது என்று நிஜமாகவே யோசிக்கிற பார்வை. அப்புறம் அவருடைய கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு எழுந்தாள்.

பல வருடம் ஆகிவிட்டது. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு மகள்தான். ஆனால் அந்தப் பார்வை போகமாட்டேன் என்கிறது. தீர்வு கேட்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

வெறுந்தாள்

எனக்கு வேறு மாதிரி.

மகனுக்கு ஆவணத்தில் ஒன்பது வயது. வீட்டில் ஏற்கெனவே பத்து வயதில் மகள். பிறப்பு வரிசை கலையக்கூடாது, வருகிற பிள்ளை இருக்கிற பிள்ளையைவிட இளையதாக இருக்கட்டும் என்பார்களே, அதற்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தோம். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா பதவி கிடைத்துவிட்டது. எதை எங்கே வைப்பது, யார் முதலில் குளிப்பது, எல்லாம் அவள் சட்டம்தான்.

பல் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஒன்பதுதானா?" என்று இழுத்தார். பன்னிரண்டு வயதையொட்டி முளைக்கிற கடைவாய்ப்பல் வெளியே வந்திருந்தது. கை எலும்பையும் எக்ஸ்ரே எடுத்தோம். அது இரண்டு வருடம் முன்பின் போகும் என்றார்கள். சத்துக்குறைவில் வளர்ந்த பிள்ளைக்கு எலும்பு பின்தங்கித்தான் காட்டுமாம். ஆக, ஒன்றும் தேறவில்லை.

காரில் திரும்பும்போது நானும் மனைவியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தோம். பின்னாலிருந்து அவன் சொன்னான்: "எனக்குப் பன்னிரண்டு. சின்னப் பிள்ளைகளைத்தான் கேட்பார்கள் என்று குழந்தைகள் இல்லத்தில் குறைத்து எழுதினார்கள்." நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மகள், "இல்லை, நான்தான் அக்கா" என்றாள். அவன் உடனே, "சரி, நீதான் அக்கா" என்றுவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான். எந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் தன் மூன்று வருடத்தை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பான்? எனக்கு உறுத்துவது அந்தச் சுலபம்தான்.

கடிகாரமுள்

எங்கள் பையனும் ஒருநாள் பூங்காவில் யாரோ ஒரு குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். நல்லவேளை, வாசலிலேயே பிடித்துவிட்டோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜன்னலோரம் மேடம், அது ஒட்டுதல் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, காப்பகத்தில் ஆள் மாறி ஆள் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் வருவது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் இதைப் பற்றுதல் கோளாறிலிருந்து (பிள்ளை யாரிடமும் நெருங்காமல் ஒதுங்குவது) பிரித்துத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்திவிட்டார்கள். ருமேனியக் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களில் பலருக்கு, நல்ல வீடு கிடைத்த பிறகும் இந்தப் பழக்கம் நீடித்திருக்கிறது. அதனால் முதல் சில மாதங்கள் சாப்பாடு கொடுப்பது, அடிபட்டால் துடைப்பது, தூங்க வைப்பது எல்லாம் பெற்றோர் மட்டும்தான் செய்ய வேண்டும். பாட்டி தாத்தாகூட ஒதுங்கி இருக்கட்டும், வருத்தப்பட்டால் படட்டும். பள்ளியில் உடனே தள்ளாதீர்கள். வருகிற பிள்ளைக்கு வயது எட்டு என்றால் பழகுவதில் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்தில் காசநோய், ஹெபடைடிஸ் பி, குடல் புழு, ரத்தத்தில் ஈயம், கண், காது எல்லாம் பாருங்கள். கையில் இருக்கிற தடுப்பூசி அட்டையை நம்பாதீர்கள், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கலாம், இல்லையென்றால் மறுபடி போட்டுவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு ஒன்று முக்கியம். வெளிநாட்டுத் தத்தில் வந்தவர்களில் சிலருக்குப் பருவமடைதல் மிகவும் முன்கூட்டியே வருவது தெரிந்த விஷயம், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். தாய்மொழியை விட்டுவிடாதீர்கள், வாரம் ஒருமுறையாவது அந்த மொழி பேசுகிற ஒருவர் வீட்டுக்கு வரட்டும். வெறுந்தாள் சார், நீங்கள் வயதைக் கிளறாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

உப்புக்காற்று

கடிகாரமுள் சார், அவர் தீர்வு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாரே. உங்கள் கதை மூன்று வரி, அறிவுரை முப்பது வரி.

வயதைக் கிளறாமல் எப்படி இருப்பது? பன்னிரண்டு வயதுப் பையன் ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, கூட இருப்பவர்களுக்கு முன்னால் குரல் உடைந்து, மீசை அரும்பும்போது யார் பதில் சொல்வது? ருமேனிய ஆய்வில் இருந்தவர்கள் நாலு வயதுக்குள் தத்துப்போன குழந்தைகள். இங்கே எழுதுபவர்களின் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் வந்தவர்கள். அதில் பலர் வீட்டில் பிறந்து, குடும்பத்தோடு வாழ்ந்து, பிறகு காப்பகத்துக்குப் போனவர்கள். ஒரே தட்டில் வைக்க முடியாது.

என் கதைக்கு வருகிறேன். மகள் ஏழு வயதில் வந்தாள். அவளுக்கு ஓர் அண்ணன். வயது தாண்டிவிட்டது என்று அவனைத் தத்துக்குத் தரவில்லை. வீடியோ அழைப்பில் பேசிக்கொள்வார்கள். ஆறேழு மாதத்திலேயே அவள் பேச்சு குறைய ஆரம்பித்தது. நாங்கள் ஆள் வைத்துப் பார்த்தோம் சார், வாரம் ஒருமுறை அந்த மொழி பேசுகிற பெண் வந்தாள், மகள் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

ஒரு அழைப்பில் அண்ணன் ஏதோ கேட்டான். இவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவன் மறுபடி மெதுவாகக் கேட்டான். மறுபடி அதே சிரிப்பு, அதே தலையாட்டல். அவன் சட்டென்று பேச்சை மாற்றி, கையசைத்துவிட்டு வைத்துவிட்டான். பதிவை அந்தப் பெண்ணிடம் போட்டுக் காட்டினேன். "நீ விட்டுப்போன பெட்டியைப் பாட்டியிடம் கொடுக்கவா, நானே வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டிருக்கிறான். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டிய கேள்விக்கு அவள் தலையாட்டியிருக்கிறாள். தங்கைக்குத் தன் பேச்சு புரியவில்லை என்று அவன் தெரிந்துகொண்ட நொடி அதில் பதிவாகியிருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, மறுபடி பார்க்கவும் முடியவில்லை.

மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குப் போனவர்களை வளர்ந்த பிறகு சோதித்தார்கள், 2003-இல் வெளிவந்தது. கொரிய மொழியைக் கேட்டபோது அவர்கள் மூளையில் தனியாக எந்தச் சலனமும் தெரியவில்லை. துடைத்துவிட்டதுபோல.

கடிகாரமுள்

அது பழைய ஆய்வு. 2014-இல் மான்ட்ரியலில், சீனாவிலிருந்து ஒரு வயதுவாக்கில் வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பெண்களைப் பார்த்தார்கள். ஒரு சீனச் சொல்கூடத் தெரியாதவர்களுக்கு, சீன மொழியின் தொனி வேறுபாட்டை (குரல் ஏற்ற இறக்கத்தில் சொல்லின் பொருளே மாறும்) கேட்டால் மூளை சீனம் பேசுபவர்களுக்கு வேலை செய்வதுபோலவே வேலை செய்கிறது. சுவடு இருக்கிறது. அதனால்தான் விடாதீர்கள் என்றேன்.

உப்புக்காற்று

சுவடு இருந்து என்ன சார், அண்ணனோடு பேச முடியுமா?

பழைய முகவரி

நான் பெற்றோர் இல்லை. எட்டு வயதில் தத்து வந்தவள். இப்போது நாற்பதை நெருங்குகிறேன். மேலே உள்ளதெல்லாம் நாங்கள் உங்களுக்கு எப்படித் தெரிந்தோம் என்பதைப் பற்றி. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று.

தத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்களே, அந்தச் சமூகப் பணியாளர் வருகிற நாள். காலையிலேயே என் அறையைத் துடைத்தேன். பொம்மைகளை உயர வரிசையில் அடுக்கினேன். அவர் வந்ததும் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து எழுதினார். அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடி தளர்ந்தால் வேறு ஏதாவது எழுதிவிடுவார் என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அன்று இரவு அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். தத்துக்கான தீர்ப்பு முன்பே வந்துவிட்டது, அந்த அறிக்கையால் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதைப் பெரியவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். அதை எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டுத் தத்துக்காக 1993-இல் கொண்டுவந்த ஹேக் உடன்படிக்கை, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. கேட்கிறார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்வதில்லை.

ஜன்னலோரம், உங்கள் மகள் அந்த அம்மாவை உங்களைவிட மேலாக நினைத்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளை அதுவரை வளர்த்தவர்களும் இப்படித்தான் மாறியிருப்பார்கள், ஒருவர் எழுந்தால் அவர் பின்னால் போவது பழகியிருக்கும்.

வெறுந்தாள், வயதை மட்டும்தான் மாற்றினார்கள் என்று இருந்துவிடாதீர்கள். தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2025 மார்ச்சில் சொன்னதைப் படியுங்கள். பெற்றோர் இருந்த பிள்ளைகளை அநாதை என்று பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார்கள். சீனா 2024-இல் வெளிநாட்டுத் தத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது, இப்படி மூடுகிற இடங்களில் பழைய கோப்புகளைத் தேடுவது எளிதாகப் போவதில்லை. மகனின் ஆவணங்களின் முழு நகலை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வெறுந்தாள்

நகல் கேட்டு இன்று கடிதம் அனுப்பிவிட்டேன், நன்றி.

பழைய முகவரி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி மகனிடம் பேச்சுக்கொடுத்தேன், அறிக்கைக்கு வருகிறவரால் உன்னை அழைத்துப்போக முடியாது தெரியுமா என்று. "தெரியும், முதல் தடவை வந்தபோதே அவரிடம் கேட்டுவிட்டேன்" என்றான். "அக்காதான் பயந்துகொண்டிருந்தாள், அவளுக்கும் சொல்லிவிட்டேன்."

பிறந்த தேதியைத் திருத்த நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஆணை வந்தால் பள்ளியில் மூன்று வகுப்பு மேலே போக வேண்டும், பாடம் அந்த அளவுக்கு எட்டாது. தேதியைத் திருத்திய பிறகும் பிள்ளையைக் கீழ் வகுப்பிலேயே தொடர விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பள்ளியில் ஒத்துக்கொண்டார்களா?