ரொறன்ரோவில் முதல் கோடை: குறைந்த செலவில் குடும்பத்தோடு எங்கே போகலாம்

ரொறன்ரோவுக்கு அண்மையில் குடிவந்து, வாடகையும் மளிகைச் செலவும் போக மாத இறுதியில் கையில் அதிகம் மிஞ்சாத நிலையில், பாடசாலை விடுமுறையைப் பிள்ளைகளோடு எப்படிக் கழிப்பது என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜூன் இறுதியில் மூடும் பாடசாலைகள், செப்டெம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தின் பின்னரே மீண்டும் திறக்கும். ஒருநாள் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் நூற்றுக்கணக்கான டொலர்களைச் செலவழித்துவிட்டு மீதி வார இறுதிகளை வீட்டுக்குள்ளேயே கழிப்பதைவிட, நகரம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்துக்கோ திறந்து வைத்திருக்கும் இடங்களுக்கு வாராவாரம் போய்வருவதே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் கார் வேண்டும் என்பதும் இல்லை.

போக்குவரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதற்குப் பயந்துதான் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நகரப் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியின் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் 12 வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர் பிரெஸ்ரோ என்னும் பயணக் கட்டண அட்டையைத் தட்டினால் 3.30 டொலர் கழியும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாலும், திரும்பி வந்தாலும், மறுபடி கழியாது. ஆகவே பக்கத்துப் பூங்காவுக்கோ நூலகத்துக்கோ போய் இரண்டு மணி நேரத்துக்குள் வீடு திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டால், இரண்டு பெரியவர்களும் மூன்று சிறுவர்களும் உள்ள ஒரு குடும்பத்துக்கு மொத்தப் போக்குவரத்துச் செலவு ஏழு டொலரைத் தாண்டாது.

நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரியும் ஆறும் நிறைந்த இந்த மாகாணத்தில், புதிதாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நீந்தத் தெரியாமல் தண்ணீரில் இறங்குவது உண்மையான ஆபத்து; கிணற்றிலும் குளத்திலும் குளித்த பழக்கம் ஒன்ராறியோ ஏரிக்குப் போதாது. ஜூன் மாதத்திலும் அந்த நீர் உடலை விறைக்க வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். நகரசபையின் திறந்தவெளி நீச்சல் தடாகங்களில் பொழுதுபோக்கு நீச்சல் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கான நீர்த்தெளிப்பு விளையாட்டிடங்களும் ஆழமில்லாத தடாகங்களும் அநேகமாக எல்லாப் பகுதிகளிலும் உண்டு, அவையும் இலவசம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. கரையில் இருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள்.

முறையான நீச்சல் வகுப்புக்கும் நகரசபையின் கோடைகாலப் பகல் முகாம்களுக்கும் முன்பதிவு உண்டு. பதிவு நாளன்று காலை 7 மணிக்கு இணையத்தில் தொடங்கும். விருப்பமான வகுப்புகள் சில நிமிடங்களிலேயே நிறைந்துவிடும். எனவே பதிவு நாளுக்குப் பல நாள் முன்னரே கணக்கைத் திறந்து, வேண்டிய வகுப்புகளின் எண்களைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தெரிவு கிடைக்காவிட்டால் எதை எடுப்பது என்பதையும் முதல் நாள் இரவே வீட்டில் பேசி முடிவுசெய்திருக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகரசபை வழங்கும் 'வெல்கம் பொலிசி' என்னும் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி கிடைக்கச் சிறிது காலம் எடுக்கும் என்பதால் வசந்த காலத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது. இது தானம் அல்ல, குடியிருப்பாளருக்கு உரியது; கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சில சமூக நிலையங்களில் எல்லா வகுப்புகளுமே இலவசம் என்பதையும் விசாரித்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பகல் முகாமில் விடுபவர்கள் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்: 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முகாம் கட்டணத்தைப் பெரும்பாலும் பிள்ளைப் பராமரிப்புச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும்.

நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வசிப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. 2015 இல் சட்டப்படி நிறுவப்பட்ட இப்பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வாகனம் நிறுத்தவும் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிசாலைக்குப் போகும் பேருந்தில் ஏறினால் அதன் நடைபாதைகள் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே இறங்கலாம். நகரையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைக்கும் கோ ரயிலில் வருபவர்கள் ரூஜ் ஹில் நிலையத்தில் இறங்கி, ஏரிக்கரை வழியாகவே ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் மணல்திட்டுக்கு நடந்து போகலாம். முதல்முறை போகிறவர்கள் குட்டையான ஒரு பாதையைத் தெரிவுசெய்வது நல்லது, ஏனென்றால் களைத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் திரும்பி வருவது எளிதல்ல. இங்கே உண்ணிகள் உண்டு. அவற்றில் சில லைம் நோயைப் பரப்பக்கூடியவை. முழுக்கால்சட்டை அணிவித்து, அதன் நுனியைக் காலுறைக்குள் சொருகி, பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காமல் நடந்து, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுப்புறம், தலைமயிர் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் போதும். இதற்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டியதில்லை.

ஸ்காபரோ பிளவ்ஸ் எனப்படும் ஏரிக்கரைச் செங்குத்துகளைப் பார்க்காமல் ஒரு கோடை கழியக் கூடாது. உச்சியில் ஏறத்தாழ 90 மீற்றர் உயரமான அந்த வெளிர்நிற மண்சுவர்களின் அடியில் பிளவர்ஸ் பார்க் கடற்கரை இருக்கிறது. வார இறுதியில் முற்பகலுக்குள்ளேயே வாகனத் தரிப்பிடம் நிறைந்து பாதையும் அடைபடுவதால், காரில் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. கோடை வார இறுதிகளில் ரிரிசியும் பூங்காவின் அடிவரை பேருந்து விடுகிறது. செங்குத்தின் விளிம்புக்குப் போவதும் அதில் ஏறுவதும் தடைசெய்யப்பட்டவை. மண் இடைவிடாது அரிபடுவதால், உறுதியாகத் தெரியும் விளிம்பும் காலடியில் சரிந்துவிடும். படம் எடுப்பதற்காக வேலியைத் தாண்டும் நம்மவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது, தயவுசெய்து தாண்டாதீர்கள். குளிக்க விரும்பினால் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்திலேயே இறங்குங்கள். நகரசபை கோடையில் நாள்தோறும் கடற்கரை நீரைப் பரிசோதித்து முடிவை வெளியிடுகிறது. பலத்த மழை பெய்தால் அடுத்த ஓரிரு நாட்கள் நீரில் கிருமி கூடியிருக்கும் என்பதால் அந்நாட்களில் மணலோடு நிறுத்திக்கொள்வதே சரி.

அங்கிருந்து சற்றுக் கிழக்கே கில்ட் பூங்கா உள்ளது. நகரின் நடுவில் இடிக்கப்பட்ட பழைய வங்கிகள், கட்டடங்கள் ஆகியவற்றின் தூண்களையும் முகப்புகளையும் பாதுகாத்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நம் திருமணப் படங்களில் அடிக்கடி காணும் வெண்தூண்கள் இங்கிருப்பவைதாம். சமதரையான பாதைகள் இருப்பதால் அம்மம்மா, அப்பப்பா ஆகியோரை அழைத்துப் போக ஏற்ற இடம். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் கோடைக்கு வந்திருக்கும் தாய்தகப்பன் பலர் நாள் முழுவதும் அடுக்குமாடி வீட்டுக்குள் இருந்து வாடுகிறார்கள். ஜூன் இறுதியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால், வேலை முடிந்து வந்து ஆறு மணிக்கு அவர்களை இங்கே கூட்டிவந்தாலும் இரண்டு மணி நேரம் தாராளமாக இருக்கலாம்.

ரொறன்ரோத் தீவுகளுக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். பே வீதியின் தென்முனைக்கு அருகில் உள்ள ஜாக் லேற்றன் படகுத்துறையிலிருந்து கால்மணி நேரப் பயணம். படகுக்கு ரிரிசி கட்டணம் செல்லாது. பெரியவருக்கு 9 டொலரளவில் தனிக்கட்டணம் உண்டு, அது போகவும் வரவும் சேர்த்தது. சீட்டை முன்னதாக இணையத்தில் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் இரட்டை வரிசையில் நிற்க நேரும். மூன்று இறங்குதுறைகளில் சிறுபிள்ளைகளுக்கு ஏற்றது சென்ரர் தீவு. அங்குள்ள சென்ரர்வில் விளையாட்டுப் பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை, ஏறும் ஒவ்வொரு விளையாட்டுக்கும்தான் கட்டணம் என்பதால், எத்தனை விளையாட்டு என்பதைப் படகில் ஏறுமுன்பே பிள்ளைகளோடு பேசிக்கொள்ளுங்கள். அமைதி வேண்டுவோர் வார்ட்ஸ் தீவில் இறங்கலாம். ஹன்லன்ஸ் பொயின்ற் கடற்கரையின் ஒரு பகுதியில் உடையின்றி இருக்கச் சட்டப்படி அனுமதி உண்டு என்பதைக் குடும்பமாகப் போகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது. உணவு அங்கே விலை அதிகம். புளிச்சாதமோ இடியப்பமும் சம்பலுமோ கட்டி எடுத்துச் செல்ல எந்தத் தடையும் இல்லை. புல்வெளியில் விரிப்பதற்கு ஒரு பாயும் எடுத்துச் செல்லுங்கள்.

நகருக்கு வெளியே போவதற்கு கோ ரயிலின் வார இறுதிச் சீட்டைப் போல மலிவான வழி வேறில்லை. 10 டொலருக்கு ஒருவர் அந்த நாள் முழுவதும் கோ ரயிலிலும் கோ பேருந்திலும் எத்தனை முறையும் பயணிக்கலாம், 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இங்கும் கட்டணம் இல்லை. இதை இணையத்தில் வாங்கிக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். நயாகராவுக்கு யூனியன் நிலையத்திலிருந்து வார இறுதியில் ரயில் போகிறது. நீர்வீழ்ச்சியை வேலியோரம் நின்று பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆனால் ரயில் நிலையம் நீர்வீழ்ச்சிக்கு அருகில் இல்லை. சில கிலோமீற்றர் தள்ளி இருப்பதால் உள்ளூர்ப் பேருந்துக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் விருப்பம் பேரி நகரம். அலன்டேல் வோட்டர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே சிம்கோ ஏரி. கரையோரம் கொஞ்சத் தூரம் நடந்தால் அகன்ற மணற்கரையும் சிறுவர் விளையாட்டிடமும் கிடைக்கும். நயாகராவின் நெரிசல் அங்கே இல்லை.

மழை நாட்களுக்கு நூலகம். ரொறன்ரோப் பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள் உள்ளன. முகவரியைக் காட்டி அட்டையை இலவசமாகப் பெறலாம். தமிழ் நூல்கள் உள்ள கிளைகளும் பல. அதே அட்டையைக் கொண்டு அருங்காட்சியகங்களுக்கும் வேறு சில இடங்களுக்கும் குடும்ப அனுமதிச்சீட்டு முன்பதிவு செய்யலாம். இதற்குப் போட்டி அதிகம் என்பதால் முயற்சியைக் கைவிடாமல் தொடர வேண்டும். நிரந்தர வதிவிட உரிமையோடு அண்மையில் வந்தவர்கள் 'கனூ' என்ற செயலியில் பதிவுசெய்தால் நாடெங்கும் உள்ள பல பண்பாட்டு இடங்களுக்கு இலவச அனுமதி கிடைக்கும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஒன்ராறியோக் கலைக்கூடத்தில் 25 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் எப்போதும் இலவசமாகப் போகலாம்.

மீன்பிடிப்பில் ஆர்வமுள்ளவர்கள் உரிமம் இல்லாமல் தூண்டிலை எடுக்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 65 வயதை எட்டிய கனடிய வதிவாளர்களுக்கும் உரிமம் வாங்கும் தேவை இல்லை. மற்றவர்களுக்குத் தந்தையர் தின வார இறுதியும் ஜூலைத் தொடக்கத்தில் ஒரு வாரமும் உரிமமின்றிப் பிடிக்க அனுமதி உண்டு. எத்தனை மீன், எந்த வகை என்ற கட்டுப்பாடு அந்நாட்களிலும் மாறாது, அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பாடசாலை திறந்த பிறகும் செப்டெம்பர், ஒக்ரோபர் வார இறுதிகளில் ஹைலண்ட் கிறீக்கிலும் ரூஜ் ஆற்றிலும் சமன் மீன்கள் முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வரும். மோர்னிங்சைட் பூங்காவின் ஆற்றோரத்தில் நின்றால், மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்த மறுநாளில் அவற்றைத் தெளிவாகப் பார்க்கலாம்.