கலைச்சொல்: ‘புவிக்கம்பி வளையம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒலிக்கருவிகளில் உறுமலைக் கொண்டுவரும் ‘ground loop’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நேற்று வந்த ‘புவிச்சுழற்சி’ என்ற முன்மொழிவைப் படித்ததும் பூகோளப் பாடம்தான் நினைவுக்கு வந்தது. இரவும் பகலும் ஏன் வருகின்றன என்று யாராவது கேட்கப் போகிறார்கள். இன்னொரு முன்மொழிவான ‘நிலக்கண்ணி’ அழகான சொல், கண்ணியில் வளையமும் இருக்கிறது பொறியும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘வெடி’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

எனக்கு இந்தச் சொல் தேவைப்பட்ட கதையைச் சொன்னால் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பது விளங்கும். இங்கே ரொறன்ரோவில் பேஸ்மென்டில் ஒரு பழைய ஆர்க்கேட் பெட்டி (நாணயம் போட்டு ஆடும் வீடியோ கேம்) வைத்திருக்கிறேன். அதன் ஒலியை வீட்டு ஸ்டீரியோவில் கேட்க ஆசைப்பட்டு, ஸ்பீக்கர் வயரில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு அளவைக் குறைத்து ஸ்டீரியோவுக்கு ஆர்சிஏ கேபிளை (சாதாரண ஆடியோ கேபிள்) செருகினேன். ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். பெட்டியின் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அது அசையவில்லை. இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், உறுமலும் அதே தாழ்ந்த சுருதிதான் (ஊரில் என்றால் 50).

ஸ்டீரியோவுக்கு இரண்டு முள் பிளக், அதில் எர்த்தே கிடையாது, அதனால் அந்தப் பக்கம் சந்தேகப்படவே இல்லை. இரண்டு மாலை வீணாய்ப் போனபின் அதே ஸ்டீரியோவோடு இணைந்திருக்கும் டிவி பெட்டிக்கு வரும் கேபிள் இணைப்பைச் சும்மா கழற்றிப் பார்த்தேன், கப்சிப். அந்தக் கேபிளின் உலோக வெளியுறை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. ஆர்க்கேட் பெட்டிக்குத் தன் மூன்று முள் பிளக்கில் ஓர் எர்த். ஆக ஒரே எர்த்துக்கு இரண்டு வழி, நடுவில் என் ஆர்சிஏ கேபிளின் உறை பாலமாகி வட்டத்தை மூடிவிட்டது. அதில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் பாட்டோடு சேர்ந்து உறுமுகிறது.

இதனால்தான் ‘எர்த் கோளாறு’ என்ற முன்மொழிவை எதிர்க்கிறேன். எர்த்தில் கோளாறு ஒன்றுமில்லை, ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, அவ்வளவுதான். கோளாறு என்று எழுதினால் படிப்பவர் முதலில் செய்வது பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது. உறுமல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே பழைய சிஆர்டி (படக்குழாய்) மானிட்டரும் பவர் சப்ளையும் இருக்கிற பெட்டி, நாணயம் போடும் கதவு இரும்பு, குழந்தைகள் கைவைக்கும் இடம். நான் செய்தது 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ரெசிஸ்டர்களுக்குப் பிறகு நடுவில் போட்டதுதான். அது ஒலியைக் கடத்தும், ஆனால் இரு பக்கக் கம்பிகளும் தொடாததால் வட்டம் அறுந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு: சில ஆர்க்கேட் போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த்தே அல்ல, அதை நேராக ஆர்சிஏ கேபிளின் உறையில் சேர்த்தால் போர்டின் ஆம்ப் ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) போய்விடலாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எர்த் வயருக்குப் பள்ளியில் படித்த ‘புவிக்கம்பி’ கையில் இருக்கிறது. வளையம் புவியில் இல்லை, கம்பிகளில்தான் இருக்கிறது, எனவே ‘புவிக்கம்பி வளையம்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கூடவே அந்த ‘ம்ம்ம்’முக்கு ‘உறுமல்’ என்றே வைத்துக்கொள்ளலாமா? ‘இரைச்சல்’ என்றால் ‘உஸ்ஸ்’ஸும் அதற்குள் வந்துவிடுகிறது, அது வேறு வியாதி.