வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறிய ஆயாக்கள்: அவர்கள் வாழ்க்கையைத் திரட்டி எழுதுவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

காட்பாடி

கடல் கடந்து போன ஆயாவை (பாட்டியை)ப் பற்றி எழுத உட்காரும் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் "பாசக்காரி, உழைப்பாளி, கைப்பக்குவம் உள்ளவள்" என்று எழுதி நின்றுவிடுகிறார்கள். இது எல்லா ஆயாவுக்கும் பொருந்தும். உங்கள் ஆயாவை அடையாளம் காட்டுவது, அவர் எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் போனார், எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்தார், களிக்கு எவ்வளவு நொய் போட்டார் என்பதுதான். மலேசியா, இலங்கை, பர்மா, நேட்டால் (தென்னாப்பிரிக்கா), பிஜி என்று எங்கே போனவராக இருந்தாலும் சரி. தேடிப் பழக்கப்பட்டவர்கள் தெரிந்ததை, மேலே உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, இங்கே எழுதுங்கள்.

முதலில், ஆயா உயிரோடு இருந்தால் பேச்சைப் பதிவு பண்ணுவது. "உன் கதையைச் சொல்லு ஆயா" என்று கேட்டால், "இன்னாத்த சொல்றது போ" என்று முடித்துவிடுவார். பொருளைக் காட்டிக் கேளுங்கள். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது? தண்ணி குழாயிலா, ஆற்றிலா? பக்கத்துக் காம்பிராவில் (லயத்து அறையில்) யார் குடியிருந்தாங்க? ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வரும். செல்போனை மேஜை மேல் நேராக வைக்காமல் மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து இரண்டு ஜாண் தூரத்தில் வையுங்கள். ஃபேன் நின்றிருக்கட்டும். ஃபிளைட் மோடில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பல போன்களில் பதிவு அறுந்துவிடும். ஒரு தடவைக்கு 40 நிமிஷம் போதும். அதற்கு மேல் போனால் களைப்பில் "ஆமா, ஆமா" என்றே பதில் வரும்.

அவர் சொல்லும் பெயரைத் திருத்தாதீர்கள். தப்பாகத் தெரிந்தாலும் காதில் விழுந்தபடி எழுதுங்கள். பிறகு தேடும்போது அதுதான் கைகொடுக்கும்.

குடியாத்தம்

வருஷம் கேட்டால் ஆயாக்களுக்குத் தெரியாது. தமிழ் வருஷப் பெயர் பலருக்குத் தெரியும். அதை மாற்றுவது சுலபம். பிரபவ என்பது 1867, 1927, 1987-இல் தொடங்கியது. அங்கிருந்து வரிசையாக எண்ண வேண்டும். பவ எட்டாவது, ஆகவே 1934. தாது பத்தாவது, ஆகவே 1936. (பெரியவர்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் அதற்கு முந்தின சுற்று, 1876.) பலர் தவறுவது மாதத்தில். வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போய்விடும். "பவ வருஷம் ஆடி" என்றால் 1934 ஜூலை-ஆகஸ்ட். "பவ வருஷம் தை" என்றால் 1935 ஜனவரி-பிப்ரவரி.

எங்கள் ஊர் ஆயா "சிரசு முடிஞ்சு மூணாம் நாள் கிளம்பினோம்" என்று சொன்னால் நாளையே பிடித்துவிடலாம். கெங்கையம்மன் சிரசு வைகாசி 1-ஆம் தேதி, அதாவது மே 14 அல்லது 15. மயானக் கொள்ளை என்றால் மாசியில் சிவராத்திரியை ஒட்டி. ஆடிக் கிருத்திகை, திருவண்ணாமலை தீபம் இரண்டும் நட்சத்திரக் கணக்கு. அந்த ஆண்டின் பஞ்சாங்கம் பார்த்தால் தேதி கிடைக்கும்.

கிள்ளான், மலேசியா

குடியாத்தம் அண்ணன் சொன்னதோடு மலாயாக் கணக்கையும் சேர்க்கிறேன். இங்கே ஆயாக்கள் காலத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். வெள்ளைக்காரன் காலம், சப்பான்காரன் காலம், அதுக்கப்புறம். சப்பான்காரன் காலம் என்றால் 1942 தொடக்கத்திலிருந்து 1945 செப்டம்பர் வரை. மரவள்ளி தின்றது, வாழைமரம் போட்ட சப்பான் நோட்டு, சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்தது எல்லாம் இதற்குள் வரும். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று சொன்னால் அது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி 1948-க்குப் பின் மலாயாவில் இருந்த அவசரகாலம்.

கப்பல்: பலர் ரஜூலா என்பார்கள். 1926-இல் கட்டியது, 1973 வரை ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்போதைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று போகும். இத்தனை வருஷம் ஓடிய கப்பல் என்பதால் பெயரை வைத்து மட்டும் ஆண்டு கண்டுபிடிக்க முடியாது. இறங்கிய துறைமுகத்தைக் கண்டுபிடிக்க, "எங்களை எங்கே அடைச்சு வச்சாங்க?" என்று கேளுங்கள். தொற்றுநோய் பயத்தில் தடுப்பு முகாமில் வைப்பார்கள். பினாங்கு வழி வந்தவர்களுக்கு ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூர் வழி வந்தவர்களுக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு. கிளம்பிய பக்கத்தில் "ஆவடி டிப்போ" (கப்பலேறும் முன் கூலியாட்களைத் தங்க வைத்த முகாம்) என்று சொன்னால் கங்காணி (ஆள் சேர்க்கும் மேஸ்திரி) வழியாக, இலவசக் கப்பலில் போனவர் என்று பெரும்பாலும் கொள்ளலாம். உதவி கொடுத்துக் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. ஆகவே அவர் போனது அதற்கு முன்பு.

தோட்டத்தின் பெயரில்தான் ரொம்பப் பேர் முட்டிக்கொள்கிறார்கள். ஆயா சொல்வது தமிழ்ப் பெயர்: கங்காணி பேரோ, பழைய துரை பேரோ இருக்கும். ஆவணத்தில் இருப்பது வேறு. தோட்டமே இன்று வீட்டுமனையாகவோ செம்பனைக் காடாகவோ ஆகியிருக்கும். ஆனால் தமிழ்ப்பள்ளி பல இடங்களில் இடம் மாறினாலும் பழைய தோட்டப் பெயரை விடவில்லை. "லாடாங்" (மலாயில் தோட்டம்) என்று தொடங்கும் பள்ளிப் பெயர்களை அந்த வட்டாரத்தில் தேடுங்கள். பக்கத்து ரயில் நிலையம் எது, சம்பள நாளில் எந்த டவுனுக்குப் போனீர்கள் என்று கேட்டால் வட்டாரம் பிடிபடும்.

வேலையையும் விவரமாக எழுதுங்கள். விடியும் முன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பிறகு நிரை (மர வரிசை) பிரிப்பது, ரப்பர் பால் வெட்டுவது, வாளியில் எடுத்துப் போய் பால் கொட்டகையில் நிறுப்பது, ஒட்டுப்பால் (மரத்திலும் கோப்பையிலும் உறைந்து ஒட்டிய பால்) பொறுக்குவது. கைக்குழந்தையை யார் பார்த்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஆயாக்கொட்டகைக்கு (தோட்டத்துப் பிள்ளை காப்பகத்துக்கு)ப் போனதா, மூத்த பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாளா என்பதில் ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு இருக்கிறது.

டர்பன், தென்னாப்பிரிக்கா

இங்கே நாங்கள் தேடுவது ஆயாவின் ஆயாவை. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தது 1860 முதல் 1911 வரை, மொத்தம் 1,52,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் வந்து சேர்ந்தது. வட ஆற்காடு பெரிய அளவில் ஆள் அனுப்பிய மாவட்டம். கப்பல் பட்டியல்களின் கணினிப் படி டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இருக்கிறது. பிஜிக்குப் போனவர்களின் பயண அனுமதிச் சீட்டுகள் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில். சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் 1903-இல்தான் தொடங்கியது. மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம்; அங்கே சிலருக்குப் புகைப்படமும் கிடைக்கும்.

பட்டியலில் ஒரு ஆளுக்கு இருப்பவை: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். பெயரை வைத்துத் தேடினால் முனியம்மா மட்டும் நூற்றுக்கணக்கில் வருவாள். எண்தான் சாவி. ஒருத்திக்குக் கொடுத்த எண் கல்யாணம் ஆனாலும் முதலாளி மாறினாலும் மாறாது. வீட்டில் பழைய ரசீதோ கல்யாணப் பதிவோ இருந்தால் அதில் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் தகப்பன் பெயர், தாலுகா இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். சகரத்துக்கு எஸ், சிஹெச் இரண்டும், ழகரத்துக்கு எல், ஆர், இசட் மூன்றும் போட்டுப் பார்க்க வேண்டும். கணவன் மனைவியாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண் இருக்கும். அதனால் கிடைத்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வரி படியுங்கள். அதே ஊர்க்காரர்களும் அங்கேயே இருப்பார்கள்.

பெண்களின் கூலி ஆண் கூலியில் பாதி. ஆணுக்கே முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங்தான். ஒப்பந்தம் முடிந்து தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி. பிறகு அது 13 வயதான பெண் பிள்ளைகள் மேலும் விழுந்தது. 1914-இல்தான் எடுத்தார்கள். அந்த ஆயா ஏன் இரண்டாம் முறை ஒப்பந்தம் போட்டார் என்று கேட்கும் பேரப்பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அணைக்கட்டு

டர்பன் ஐயா சொன்ன அங்க அடையாளத்தை லேசாக விடாதீர்கள். பெண்களுக்கு அந்தக் கட்டத்தில் பச்சை குத்தியது, தழும்பு, மச்சம் என்று எழுதியிருப்பார்கள். "வலது முன்கையில் பச்சை" என்று இருக்கும் ஒருத்தியும் வீட்டில் சொல்லும் கதையும் ஒத்துப் போனால், பெயர் எழுத்து மாறியிருந்தாலும் ஆள் அவள்தான் என்று ஓரளவு துணியலாம். இப்போது உயிரோடு இருக்கும் ஆயாவின் கையிலும் பச்சை இருந்தால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். பழைய பச்சை மங்கிப் பரவியிருக்கும். நேர் வெயிலில் எடுத்தால் தோல் மினுங்கிக் கோடு தெரியாது, நிழலில் எடுங்கள். குத்தியது யார், எந்தச் சந்தையில், எத்தனை வயதில் என்பதையும் கேளுங்கள்.

ஆரணி

ஊர் தேடுவோருக்கு எல்லைக் கணக்கு. 1911-க்கு முந்தின தாளில் வட ஆற்காடு என்று இருந்தால் ஊர் இன்றைய ஆந்திராவில் சித்தூர் பக்கமும் இருக்கலாம். சித்தூர் தனி மாவட்டமானது அந்த வருஷம்தான். திருப்பத்தூர், வாணியம்பாடிக்காரர்கள் அப்போது சேலம் ஜில்லாவில் இருப்பார்கள். வட ஆற்காட்டில் தேடி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 1989-இல் ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி திருவண்ணாமலை பக்கம் பிரிந்தன. 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாயின.

புதூர், கொல்லமேடு மாதிரி ஒரே பெயரில் பல ஊர் இருக்கும். அப்போது குலதெய்வத்தைக் கேளுங்கள். படவேடு ரேணுகாம்பாள் என்றால் வட்டாரம் முழுக்கக் கும்பிடுகிறார்கள், அது மட்டும் போதாது. ஊர் எல்லையில் எந்தச் சாமி, ஏரி எந்தப் பக்கம், எந்த மலை கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் ஊரைப் பிரித்துக் காட்டும்.

ஆற்காடு

இலங்கை போய்த் திரும்பியவர்களுக்கு: 1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் வந்தவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். அதில் குடும்பத்தார் எல்லார் பெயரும் வயதும் இருக்கும். அதற்கு முந்தின தலைமுறை வீட்டில் சின்னத் தகர வில்லை ஒன்று பெட்டியடியில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் எண் அழிந்துவிடும், உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

வாலாஜாபேட்டை

கடிதம், போட்டோ. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிய்க்காதீர்கள். முகமே கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் பண்ணுங்கள். 600 டிபிஐ போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ண வேண்டும், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான். பெயரை மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

ஏர்மெயில் கடிதத்தில் உள்ளே தேதி இல்லாவிட்டாலும் தபால் முத்திரையில் இருக்கும். மணியார்டர் கூப்பனில் அனுப்பியவர் முகவரி, தொகை, இரண்டு வரிச் செய்தி மூன்றும் உண்டு. ஆயாவுக்கு எழுதத் தெரியாது என்றால் யார் எழுதிக் கொடுத்தது என்று குறியுங்கள். கையெழுத்து மாறும் இடத்தில் பெரும்பாலும் வீடோ தோட்டமோ மாறியிருக்கும்.

போளூர்

சமையலையும் ஆவணம் மாதிரியே எழுத வேண்டும். "கை அளவு" என்று எழுதினால் பேத்திக்கு உதவாது. ஆயா கையால் அள்ளட்டும். மூன்று தடவை அள்ளச் சொல்லி எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துச் சராசரி எடுங்கள். உப்புக்கு இன்னும் எளிய வழி: சமைக்கும் முன்னும் பின்னும் ஜாடியை நிறுங்கள். கல்லுப்பா தூளுப்பா என்று எழுதாவிட்டால் எல்லாம் வீண். ஒரே கரண்டியில் தூளுப்பு எடை அதிகம் நிற்கும். ஆழாக்கு, படி என்று சொன்னால் அந்தப் பாத்திரத்திலேயே தண்ணீர் ஊற்றி மில்லி கணக்கில் அளந்துகொள்ளுங்கள். படி ஊருக்கு ஊர் வேறு.

எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் களிக்கு நிற்கும் அளவு: 200 மில்லி டம்ளரில் நொய் கால், தண்ணீர் மூன்று, மாவு ஒன்று. நொய் மசியும் வரை வேக வேண்டும், ஏறக்குறைய 15 நிமிஷம். அப்போது கொதிநீரில் அரை டம்ளர் தனியே எடுத்து வைத்துவிட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டக் கூடாது. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு துளை போட்டு, மூடி, சிறு தீயில் 7-8 நிமிஷம். பிறகு இறக்கி, கவைக்கோலால் சட்டியை அசையாமல் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிண்டி, இறுகினால் எடுத்து வைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அவசரப்பட்டு முதலிலேயே கிண்டினால் கட்டி விழும், உள்ளே பச்சை மாவு நிற்கும். தீ அதிகமானால் அடி பிடித்து முழுக் களியும் தீய்ந்த வாசம் அடிக்கும்.

கிள்ளான், மலேசியா

போளூர் அக்கா, இங்கே பாக்கெட் மாவு நைஸாக இருப்பதால் அந்த அரை டம்ளரில் பாதிகூடச் செலவாகாது. கருவாட்டுக் குழம்புக்கு உங்கள் முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்காது. இங்கத்து நீளக் கத்திரிக்காய் சீக்கிரம் குழையும். கடைசி ஆறு நிமிஷத்தில்தான் போட வேண்டும். ஆயாக்கள் அப்படி மாற்றியதையும் "இங்கே வந்து மாற்றியது" என்று தனியாக எழுதி வையுங்கள்.

காட்பாடி

வெளிநாட்டிலிருந்து ஊர் தேடி வருகிறவர்களுக்கு ஒன்று. பத்திரத்தோடு நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனால் நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சாகி, சொந்தக்காரர்களே வாய் திறக்க மாட்டார்கள். முதலில் கோயில் பூசாரியையும் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆயாக்களையும் பாருங்கள். "நிலம் நீச்சு எதுவும் வேணாம், எங்க ஆயா பொறந்த வூடு எதுன்னு பாக்க வந்தோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். பழைய பிறப்புப் பதிவேட்டில் பெண் பிள்ளைக்குப் பெயர் இருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பத்திரப் பதிவு ஆபீசில் வில்லங்கச் சான்று கணினியில் பொதுவாக 1975-க்குப் பிந்தியதுதான் வரும். அதற்கு முன்பு வேண்டுமென்றால் கையால் தேட மனுக் கொடுங்கள். கிராமப் பெயரோடு பழைய சர்வே எண்ணும் இருந்தால்தான் தேட முடியும்.