புதுப்பிப்பு: பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை அனுமதித்தார்கள்

கொரோனாவைக் காரணம் காட்டி, பிரசவத்தின்போது துணைக்கு யாரையும் விடமாட்டோம் என்று மருத்துவமனை சொன்னதை எழுதியிருந்தேன். குழந்தை பிறந்துவிட்டது, இருவரும் நலம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடியே எழுத்தில் கேட்டோம். தொற்று இருந்தாலும் பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதைக் குறிப்பிட்டோம். அதே ஆண்டு மார்ச்சில், நியூயார்க்கில் சில மருத்துவமனைகள் கணவரைக்கூடத் தடுத்தபோது மாநில அரசே தலையிட்டு ஒருவரை அனுமதிக்க வைத்ததையும் சேர்த்தோம்.

கடைசியில் கணவருக்கு அனுமதி கிடைத்தது. முகக்கவசம் கட்டாயம், ஆள் மாறக்கூடாது, வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. இந்த மூன்றாவது விதியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு, சார்ஜர், மாற்றுத்துணி எல்லாம் முதலிலேயே கையோடு இருக்கட்டும்.

அம்மா வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே இருந்தார், பெரிய தெம்பு. ஆனாலும் வலி ஏறும்போது இடுப்பை அழுத்திப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அப்புறம் ஒன்று: சிசேரியன் என்றால் அறுவை அரங்குக்குள் துணையை விடுவார்களா என்று தனியாகக் கேட்டு வையுங்கள். அங்கே விதி வேறாக இருக்கலாம்.